மூளையின் 25ஆம் பகுதி

துயரம் என்பது மக்களாய்ப் பிறந்தார் எவரும் அறிந்த ஒன்று. அன்புடையாரைப் பிரிந்தாலும், உழைத்த உழைப்புப் பயன் தராது போனாலும், பிறர் கூறும் கடுஞ்சொல் நெஞ்சில் தைத்தாலும் நம் மனம் வருந்துகிறது. அவ்வருத்தம் சில நாள் நிற்கும். பின்னர் மெல்ல மெல்லத் தேயும். புண் ஆறுவது உடலுக்கு இயல்பு. துயர் ஆறுவது உள்ளத்திற்கு இயல்பு. ஆறாத புண் ஒன்று ஒருவருக்கு இருக்குமானால் அதனை நாம் நோய் என்கிறோம்; உடனே மருத்துவரை நாடுகிறோம். ஆறாத துயரம் ஒன்று ஒருவருக்கு இருக்குமானால் அதனை என்னென்று கூறுகிறோம்? சோம்பல் என்கிறோம், கோழைத்தனம் என்கிறோம், ‘மனத்தைத் தளரவிடாதே’ என்று ஓர் அறிவுரை கூறி அப்பாற் செல்கிறோம். இவ்வாறு கூறுதல் பொருந்துமா? மூளையின் ஒரு சிறு பகுதியைப் பற்றி அறிஞர் செய்த ஆராய்ச்சி, இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. அவ்வாராய்ச்சியின் வரலாற்றையும், அதனால் நாம் உணரவேண்டுவதையும் இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண், துயரத்திற்கும் நோய்க்கும் உள்ள வேற்றுமையை அறிதல் வேண்டும். நாள்தோறும், நாளின் பெரும்பொழுதும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் உள்ளம் சோர்ந்தே கிடத்தல் மனச்சோர்வு நோயின் தலையாய அறிகுறி. முன்பு இன்பம் தந்த விளையாட்டும் இசையும் நட்பும் சுவையற்றுப் போதல் மற்றோர் அறிகுறி. இவற்றோடு உறக்கம் கெடும். அல்லது, அளவின்றி மிகும். பசி குறையும், அல்லது கூடும். கை கால்கள் ஓய்ந்து நிற்கும். படித்தது மனத்தில் பதியாது. சிறு முடிவு செய்தலும் மலையைத் தூக்குவது போலத் தோன்றும். ‘நான் எதற்கும் பயன்படேன்’ என்னும் எண்ணம் வேரூன்றும். சிலரிடத்தே வாழ்வையே வெறுக்கும் எண்ணமும் எழும். உலகில் ஏறத்தாழ 28 கோடி மக்கள் இந்நோயால் வருந்துகின்றனர் என்று 2023ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்நோய்க்குச் செல்வர், வறியவர், கற்றவர், கல்லாதவர் என்னும் வேற்றுமை இல்லை. இளைஞரையும் இது விடுவதில்லை.

இந்நோய் புதியதன்று. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் இதனை அறிந்திருந்தனர். நம் நாட்டு மருத்துவ நூலார் வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றன் மிகையும் குறையுமே நோய்க்குக் காரணம் என்று கொண்டது போல, கிரேக்கரும் உடலில் நால்வகை நீர்கள் உள என்றும், அவை சமன் கெடுதலே நோய் என்றும் கொண்டனர். அந்நான்கனுள் ஒன்று கரும்பித்தம். அது மிகுந்தால் உள்ளம் இருளும் என்று அவர்கள் கருதினர். ‘மெலன்கோலியா’ என்று இந்நோய்க்கு அவர்கள் இட்ட பெயரின் பொருளும் கரும்பித்தம் என்பதே. கரும்பித்தம் என ஒன்று உடலில் இல்லை என்பதைப் பிற்கால மருத்துவம் கண்டது. ஆயினும், இது தெய்வத்தின் சினமோ பேயின் வேலையோ அன்று, உடலைப் பற்றிய நோயே என்று அம்முதியோர் கொண்டனரே, அது போற்றத்தக்க கருத்து. உடலில் எவ்விடத்தைப் பற்றிய நோய் என்பதுதான் அவர்கள் காணாது விட்டது.

அவ்விடத்தைக் காண மூளைக்குள் நுழைதல் வேண்டும். வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ளது. அதனுள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. வெளிப்பார்வைக்கு எங்கும் ஒரே தன்மையதாய், மடிப்பு மடிப்பாய்த் தோன்றும் அப்பரப்பு உண்மையில் அவ்வாறு இல்லை. ஜெர்மானிய அறிஞர் கார்பினியன் பிராட்மன் என்பார் மூளைப் புறணியை மெல்லிய தகடுகளாகச் சீவி, சாயமிட்டு, நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அணுக்களின் வடிவும், அவை அடுக்கடுக்காய் அமைந்திருக்கும் முறையும் இடத்துக்கு இடம் வேறுபடுதலைக் கண்டார். புன்செயும் நன்செயும் கரம்பும் மண்ணால் வேறுபடுதலைக் கண்டு நில அளவையார் ஓர் ஊரின் வயல்களுக்கு எண் இடுவதில்லையா? அதுபோல அவரும் மூளைப்பரப்பைப் பகுதிகளாய்ப் பிரித்து எண்ணிட்டு, 1909ஆம் ஆண்டில் ஒரு நூலாய் வெளியிட்டார். அவ்வெண்கள் 52 வரை செல்கின்றன. இன்றும் மருத்துவ உலகம் அவ்வெண்களைக் கைவிடவில்லை. அவற்றுள் 25 என்னும் எண் பெற்ற சிறுபகுதியே நம் பாடத்தின் பொருள். தாம் எண்ணிட்டபோது, அவ்விடம் மனச்சோர்வோடு தொடர்புடையது என்பதைப் பிராட்மன் அறியார்.

25ஆம் பகுதி எங்கே உள்ளது? நெற்றியின் நடுவிலிருந்து உள்நோக்கிச் சென்றால், மூளையின் வலப்பாதியும் இடப்பாதியும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் உட்சுவர்கள் வரும். அவ்விரு பாதிகளையும் வெண்ணிறமான நரம்பிழைக் கற்றை ஒன்று பாலம்போல் இணைக்கின்றது. அப்பாலத்தின் முன்முனை, மடக்கிய முழங்கால் போல் வளைந்திருப்பதால் அதனை ‘ஜெனு’ என்பர். இலத்தீன் மொழியில் ஜெனு என்பது முழங்கால். பாலத்தைச் சுற்றி அரைக்கச்சை கட்டியது போல் ஒரு மடிப்பு ஓடுகின்றது. அதற்குச் ‘சிங்குலேட்’ என்று பெயர். ‘சிங்குலம்’ என்னும் இலத்தீன் சொல் கச்சையைக் குறிக்கும். அக்கச்சையின் ஒரு பகுதி, முழங்கால் வளைவின்கீழ் அமைந்துள்ளது. எனவே மருத்துவர் அதனைச் ‘சப்ஜெனுவல் சிங்குலேட்’ என்று வழங்குவர். முழங்காலின்கீழ் உள்ள கச்சை என்பது அதன் பொருள். 25ஆம் பகுதி இங்கேதான் உள்ளது. பெயர் அச்சுறுத்துவதாய் இருப்பினும் பொருள் எளிதே அன்றோ?

இடம் சிறிதாயினும் அதற்குள்ள தொடர்புகள் பல. பல வழிகள் வந்து கூடும் சந்தி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழி, பசி, உறக்கம், உடலின் சுரப்பு நீர்கள் ஆகியவற்றை ஆளும் இடத்திற்குச் செல்கின்றது. மற்றொரு வழி, அச்சத்தை உணரும் இடத்திற்குச் செல்கின்றது. பிறிதொன்று, நினைவைப் போற்றிவைக்கும் இடத்தோடு சேர்கின்றது. இன்னுமொன்று, இன்பத்தை நாடத் தூண்டும் இடத்தோடு சேர்கின்றது. இதயத் துடிப்பை நடத்தும் மூளைத்தண்டுக்கும் இங்கிருந்து இழைகள் உண்டு. எண்ணித் துணியும் முன்மூளையோடும் இதற்கு உறவு உண்டு. சந்தியில் நெருக்கடி நேர்ந்தால் அங்கே வந்து கூடும் தெருக்கள் எல்லாம் தடைபடும். மனச்சோர்வு நோயில் உள்ளம் மட்டும் வாடாமல், உறக்கமும் பசியும் நினைவும் ஊக்கமும் ஒருங்கே கெடுவது ஏன் என்பது இதனால் ஒருவாறு விளங்கும்.

நிற்க. உயிரோடிருப்பவர் மூளையில் எவ்விடம் மிகுதியாய் உழைக்கின்றது, எவ்விடம் ஓய்ந்திருக்கின்றது என்பதை மண்டையைத் திறவாமலே அறிய, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கருவிகள் தோன்றின. அவற்றுள் ஒன்று பாசிட்ரான் படக்கருவி. உழைக்கும் இடத்திற்குக் குருதி மிகுதியாய்ப் பாயும்; அதனை இக்கருவி படமாக்கிக் காட்டும். 1997ஆம் ஆண்டில் வெய்ன் டிரெவெட்ஸ் என்பாரும் அவர் குழுவினரும், குடும்பத்தில் வழிவழியாய் மனச்சோர்வு உடைய சிலரிடத்து இம்முழங்காற்கீழ்ப் பகுதி அளவிற் குறைந்திருத்தலைக் கண்டு வெளியிட்டனர். அமெரிக்க நாட்டு நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபர்க் அம்மையாரும் இப்பகுதியையே கருத்தூன்றி ஆராய்ந்துவந்தார்.

மேபர்க் அம்மையாரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி எளிமையும் நுட்பமும் உடையது. நோயில்லாத மக்களைத் தம் வாழ்வில் நேர்ந்த துயர நிகழ்ச்சி ஒன்றை நினைக்கச் சொல்லி, அப்போது அவர்தம் மூளையைப் படமெடுத்தனர். துயரம் எழுந்தவுடன் 25ஆம் பகுதியில் குருதியோட்டம் கூடியது. எண்ணித் துணிதற்குரிய முன்மூளையின் ஒரு பகுதியில் அது குறைந்தது. பின்னர், மருந்து உண்டு நலம்பெற்று வந்த நோயாளரையும் படமெடுத்தனர். அவரிடத்தே இதற்கு நேர்மாறாக, 25ஆம் பகுதி அடங்கியது, முன்மூளை எழுந்தது. துலாக்கோலின் இரு தட்டுகள் போல ஒன்று தாழ மற்றொன்று உயர்தல் கண்டீர்களா? துயரத்தில் தோய்ந்திருக்கும்போது கணக்கு ஒன்றினைச் செய்யவோ நெடுநேரம் பாடம் படிக்கவோ இயலாமைக்கு இத்தகைய காரணம் ஒன்று உண்டு. நலமுடையார்க்குத் தட்டுகள் தாமே மீண்டும் சமன்படும். நோயுடையார்க்கோ துலாக்கோல் ஒரு பக்கமே சாய்ந்து நின்றுவிடுகின்றது.

அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி மேலும் ஓர் உண்மையைக் காட்டியது. நோயாளர் பலருக்கு ஒரே மருந்தை ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, நலம்பெற்றாரிடத்தில் 25ஆம் பகுதி அடங்கியிருந்தது, நலம்பெறாதாரிடத்தில் அடங்கவில்லை. ஆகவே, இவ்விடம் அடங்குதற்கும் நோய் தணிதற்கும் உறவு உண்டு என்று அறிஞர் துணிந்தனர். மருந்தாலும், பயிற்சி பெற்றவரோடு முறையாக உரையாடி எண்ணங்களைச் சீர்செய்துகொள்ளும் மருத்துவத்தாலும் நோயாளருட் பெரும்பாலார் நலமடைகின்றனர். ஆயினும், எம்மருந்தும் பயன்படாது, எவ்வுரையும் உட்புகாது, ஆண்டுக்கணக்கில் வருந்துவாரும் உளர். இவர்களுக்கு வழி யாது? 25ஆம் பகுதி தானே அடங்காதாயின், அதனை நேரே சென்று அடக்க இயலுமா?

மூளையுள் கைவைத்தல் என்பது அஞ்சத்தக்க செயல். அவ்வச்சத்திற்கு வரலாற்றிலே காரணம் உண்டு. 1935ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ் என்பார், மனநோயாளர்க்கு முன்மூளையின் நரம்பிழைகளைத் துண்டிக்கும் முறையைத் தொடங்கினார். அதற்காக 1949ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். அம்முறை அமெரிக்கா முதலிய நாடுகளில் விரைந்து பரவியது. ஆனால், அறுத்த இழை மீண்டும் பொருந்தாது. நோயாளர் பலர் கலக்கம் தணிந்தனராயினும், ஆர்வமும் அறிவுக்கூர்மையும் இழந்து, உயிருள்ள பதுமைகள் போலாயினர், சிலர் மாண்டனர். பின்னர் மருந்துகள் தோன்றவே அம்முறை கைவிடப்பட்டது. தெளிவாய் அறியாமுன் விரைந்து செய்யும் மருத்துவம், நோயினும் கொடிதாகும் என்பதற்கு இது சான்று.

வெட்டாமலே மூளையின் ஓரிடத்தைத் திருத்தும் வழி வேறொரு நோயின் மருத்துவத்திலிருந்து கிடைத்தது. 1987ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கிரனோபிள் நகரத்து அறுவை மருத்துவர் அலீம் லூயி பெனபீத் என்பார், கைந்நடுக்கமுடையார் மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, விரைந்த மின்துடிப்புகளைச் செலுத்தினால் நடுக்கம் நிற்றலைக் கண்டார். மின்துடிப்பை நிறுத்தினால் நடுக்கம் மீளும், செலுத்தினால் அடங்கும். அறுத்தலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. வேண்டாவிடின் நிறுத்தலாம், அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதத்தால் வருந்தினோர் பலருக்கு இம்முறை நலம் அளித்தது.

இம்முறையை மனச்சோர்வுக்கும் பயன்படுத்த மேபர்க் அம்மையாரும், கனடா நாட்டு டொராண்டோ நகரின் அறுவை மருத்துவர் ஆண்ட்ரெஸ் லொசானோ என்பாரும் துணிந்தனர். பல மருத்துவங்களையும் செய்து பார்த்துப் பயன்பெறாத ஆறு நோயாளர் அதற்கு உடன்பட்டனர். மண்டை ஓட்டில் சிறு துளை இட்டு, 25ஆம் பகுதியை அடுத்துள்ள நரம்பிழைகளிடத்து இருபுறமும் மெல்லிய கம்பி செலுத்தப்பட்டது. கம்பியின் பருமை ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டரே. மூளைக்கு நோவு உணரும் தன்மை இல்லாமையால், தோல் மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளர் விழித்திருக்கும்போதே இது நிகழ்ந்தது. மின்துடிப்பு, நொடிக்கு 130 முறை என்னும் கணக்கில் செலுத்தப்பெற்றது.

அப்போது நிகழ்ந்தது வியப்பிற்குரியது. மின்துடிப்பு உரிய இடத்தைத் தொட்டவுடன், நோயாளர் சிலர் திடீரென அமைதி தோன்றியதாகக் கூறினர். உள்ளத்தில் நெடுநாள் இருந்த வெறுமை மறைந்தது என்றனர். அறை ஒளி பெற்றது போலவும், நிறங்கள் தெளிவுற்றன போலவும் தோன்றியதாக உரைத்தோரும் உண்டு. தமக்கு எப்போது மின்துடிப்பு செலுத்தப்பட்டது என்பதை அவர்கள் அறியார் என்பதையும் நோக்குக. ஆறு திங்கள் கழித்துப் பார்த்தபோது, அறுவருள் நால்வர் தெளிவான நலம் பெற்றிருந்தனர். மிகுந்திருந்த 25ஆம் பகுதியின் குருதியோட்டம் குறைந்திருந்தது. 2005ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தபோது மருத்துவ உலகம் பெரிதும் மகிழ்ந்தது.

ஆயினும், அறிவியல் மகிழ்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. அறுவரிடம் கண்டது பலரிடமும் மெய்யாகுமா? நலம் பெற்றது மின்துடிப்பினாலா, ‘நமக்குப் பெரிய மருத்துவம் நடந்தது’ என்னும் நம்பிக்கையினாலா? இதனைத் தெளிய, அமெரிக்காவில் 90 நோயாளரிடத்து ஒரு சோதனை நடத்தப்பெற்றது. எல்லார்க்கும் கருவி பொருத்தப்பட்டது. அவருள் 60 பேருக்கு மின்துடிப்பு செலுத்தப்பட்டது. 30 பேருக்குச் செலுத்தப்படவில்லை. யாருக்குச் செலுத்தப்பட்டது என்பதை நோயாளரும் அறியார். அவரை ஆய்ந்து மதிப்பிடுவாரும் அறியார். ஆறு திங்களில் நலம்பெற்றார், முதல் வகையில் நூற்றுக்கு 20 பேர். இரண்டாம் வகையில் நூற்றுக்கு 17 பேர். இவ்வேற்றுமை பொருட்படுத்தத்தக்கதன்று. ஆகவே, சோதனையை மேலும் விரித்தல் நிறுத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டில் இம்முடிவு மறைக்கப்படாது வெளியிடப்பட்டது. தமக்கு உவப்பில்லாத முடிவையும் உள்ளவாறே உரைத்தல் அறிஞர்க்கு அழகு. அவ்வழகு இங்கே விளங்குகின்றது.

அத்துடன் அவ்வாராய்ச்சி முடிந்துவிட்டதா? இல்லை. அதே நோயாளரை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தபோது, மின்துடிப்பு பெற்றவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நலம்பெற்றமை தெரிந்தது. நாட்பட்ட நோய் நாட்பட்டே தீரும் போலும் என்னும் எண்ணம் பிறந்தது. மேலும், நலம்பெற்றார் மூளையையும் பெறாதார் மூளையையும் ஒப்பிட்டு, கம்பியின் முனை எங்கே நின்றது என்று ஆராய்ந்தனர். 25ஆம் பகுதியின் அருகே நான்கு நரம்பிழைக் கற்றைகள் கூடும் இடம் ஒன்று உண்டு. அந்நான்கையும் தொட்ட கம்பியே நலம் செய்தது என்பது 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன்பின், ஒவ்வொருவர் மூளையிலும் அக்கூடலைப் படத்தால் முன்னரே கண்டு, அங்கே கம்பியைப் பொருத்தினர். அவ்வாறு மருத்துவம் பெற்ற 11 பேரில், ஆறு திங்களில் 8 பேரும், ஓராண்டில் 9 பேரும் நலம்பெற்றனர் என்று 2018ஆம் ஆண்டில் அறிவித்தனர். சந்தி என்று முன்பு கூறினோமே, அச்சொல்லின் பொருத்தம் இப்போது நன்கு விளங்கும். ஓர் இடத்தைத் தொடுதல் போதாது. அவ்விடத்தில் கூடும் வழிகளைத் தொடுதல் வேண்டும்.

2023ஆம் ஆண்டில் மற்றொரு முன்னேற்றம் வெளிவந்தது. மின்துடிப்பைச் செலுத்தும் அக்கம்பியைக் கொண்டே, அவ்விடத்தில் இயல்பாய் எழும் மின்னலைகளையும் பதிவு செய்தனர். நோயுற்ற நிலையில் எழும் அலையும், நலமுற்ற நிலையில் எழும் அலையும் வேறுபடுதலைக் கணிப்பொறியின் துணையால் அறிந்தனர். மருத்துவம் பெற்ற 10 பேரில் 9 பேர் 24 வாரங்களில் நலம் கண்டனர். அவர்களுள் ஒருவருக்குச் சில திங்கள் கழித்து நோய் மீண்டது. அவர் சோர்வை உணர்தற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முன்னரே, அலைகள் மாறிவிட்டமை பதிவில் காணப்பட்டது. காய்ச்சலை அளக்க வெப்பமானி இருப்பது போல், மனச்சோர்வை அளக்கவும் ஒரு கருவி பிற்காலத்தில் அமையலாம் என்னும் நம்பிக்கை இதனால் பிறந்துள்ளது. எனினும், இம்மருத்துவம் இன்றளவும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. நோயாளர் தொகை சிறிது. அறுவை மருத்துவத்திற்குரிய குருதிக்கசிவு, சீழ்பிடித்தல் முதலிய இடர்களும் உண்டு. பிற வழிகள் எல்லாம் அடைபட்டவர்க்கே இதனைக் கருதுவர்.

மண்டையைத் துளைக்காமல் இவ்விடத்தை எட்டும் வழி உண்டா எனின், ஒருவகையில் உண்டு. 1985ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செப்பீல்டு நகரத்தில் ஆண்டனி பார்க்கர் என்பாரும் அவர் துணைவரும், தலைக்கு வெளியே வைத்த கம்பிச்சுருளில் காந்தத் துடிப்பை எழுப்பி மூளையைத் தூண்டிக் காட்டினர். மனச்சோர்வுக்கு இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2008ஆம் ஆண்டில் இசைவளித்தது. காந்தத் துடிப்பு சில சென்டிமீட்டருக்கு மேல் ஆழ்ந்து செல்லாது. ஆதலின், ஆழத்திலுள்ள 25ஆம் பகுதியை அது நேரே தொடுவதில்லை. நெற்றியின் இடப்புறத்து முன்மூளையையே தொடுகின்றது. ஆயினும், 25ஆம் பகுதியோடு எதிர்த்தட்டாய் நின்று ஏறி இறங்கும் இடத்தைத் தேர்ந்து தூண்டினால் பயன் மிகுகின்றது என்று 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. துலாக்கோலின் ஒரு தட்டை உயர்த்த, மற்றதை அழுத்துதலும் ஒரு வழியன்றோ?

இங்கே ஒரு பிழைபட்ட முடிவுக்கு நீங்கள் வந்துவிடுதல் ஆகாது. 25ஆம் பகுதியே மனச்சோர்வின் ஊற்று என்றோ, அதனை நீக்கிவிட்டால் துயரமே இராது என்றோ எண்ணற்க. நலமுடையார் துயருறும்போதும் அவ்விடமே எழுகின்றது என்று முன்னர்க் கண்டோம். அன்புடையாரை இழந்தபோது வருந்தாத நெஞ்சு நல்ல நெஞ்சாகுமா? அவ்விடம் தன் தொழிலைச் செய்தல் குற்றமன்று; செய்த தொழிலை முடித்து அடங்காமையே நோய். மேலும், வழிவழி வரும் உடற்கூறு, இளமையில் பட்ட துன்பம், வறுமை, இழப்பு, பிற நோய்கள் எனப் பல காரணங்கள் கூடி இந்நோய் பிறக்கின்றது. நோயாளர் எல்லாரிடத்தும் அது ஒரே வகையாய் அமைவதில்லை. சந்தியில் ஏற்பட்ட நெருக்கடிக்குத் தொலைவிலுள்ள தெரு ஒன்றில் நேர்ந்த தடையும் காரணமாகலாம்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். துன்பம் வந்தபோது தளராதிருத்தலை நம் முன்னோர் பெரிதும் போற்றினர். திருவள்ளுவர் அதற்கு ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அத்திறம் வேண்டுவதே. ஆனால், தளராதிருத்தற்குக் கருவியாகிய மூளையே நோயுற்றிருப்பவரிடம், ‘தளராதே’ என்று மட்டும் கூறி அமைதல், கால் முறிந்தவரிடம் ‘ஓடு’ என்பது போலாகும். முறிந்த காலுக்குக் கட்டு வேண்டும், ஓய்வு வேண்டும், பின்னர் நடைப்பயிற்சி வேண்டும். அவ்வாறே நோயுற்ற மனத்திற்கும் மருத்துவம் வேண்டும், காலம் வேண்டும், மீண்டும் எழுந்து நடக்கும் முயற்சியும் வேண்டும். கம்பி பொருத்தப்பெற்று நலமடைந்தோரும், நெடுநாள் மறந்துபோன வாழ்க்கையைச் சிறிது சிறிதாய்ப் பயிலவே வேண்டியிருந்தது.

‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்று திருவள்ளுவர் வகுத்தார். நோயுற்றவர் ஒருவர், நோய் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து பேணுபவர் ஒருவர். இந்நான்கனுள் முதல் மூன்றைப் பற்றி அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். நான்காம் உறுப்பு நாமே ஆவோம். வகுப்பில் உம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழன் பல நாளாய் வாடியிருந்தால், எள்ளி நகையாடாது அவன் கூறுவதைக் கேளுங்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அவனை அழைத்துச் செல்லுங்கள். அவன் வாழ்வை வெறுத்துப் பேசினால், அதனை எவரிடமும் சொல்லேன் என்று வாக்களியாது, உடனே பெரியவர் ஒருவர்க்குத் தெரிவியுங்கள். உங்கள் உள்ளமே அவ்வாறு சோர்ந்திருந்தால் அதனை மறைக்காதீர்கள். கூறுதலில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் மனநலத் தொண்டினை 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். கரும்பித்தம் என்று தொடங்கிய தேட்டம், சுண்டுவிரல் நுனியளவினதாகிய ஓரிடத்தின் அருகே வந்து நிற்கின்றது. அவ்விடத்தை அறிந்தோர் சிலரே ஆவர். அங்கே நோய் உண்டாகும் என்பதை அறிந்து, நோயுற்றாரைப் பழிக்காதிருத்தல் எல்லார்க்கும் இயலும்.